ஷீட்டில் கறுப்புக் கோடா? ஈரத்தின் மேல் பழி போடுமுன்

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பட்டறைகளில் குளிர்முறையில் (சூடாக்காமல்) உருட்டிய இரும்பு ஷீட்டைப் பிரித்ததும் கறுப்புக் கோடு தெரிந்தால், முதல் பழி நம் ஊர் ஈரத்தின் மேல்தான் விழும். சில நேரம் அது சரிதான். மற்ற நேரங்களில் கோளாறு கப்பல் ஏறுமுன்பே ஆலையில் நடந்து முடிந்திருக்கும்.

குளிர்முறை ஷீட்டுக்கு மூலம், முதலில் சூடாக உருட்டிய தகடு. அதன் மேல் படிகிற ஆக்சைடுச் செதிலைத்தான் மில் ஸ்கேல் என்கிறோம். தடிமன் பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான். அதில் மூன்று இரும்பு ஆக்சைடு அடுக்குகள்: இரும்பை ஒட்டி வுஸ்டைட், நடுவே மேக்னடைட், வெளியே மெல்லிய ஹெமடைட். 570 டிகிரி செல்சியசுக்குக் கீழே வுஸ்டைட் நிலைக்காது. மெதுவாக ஆறினால் மேக்னடைட்டாகவும் இரும்பாகவும் பிரியும். சுருட்டி வைத்த தகட்டின் (சுருளின்) ஓரமும் நடுவும் ஒரே வேகத்தில் ஆறாததால் செதிலும் இடத்துக்கு இடம் மாறும், ஆசிட்டில் கரையும் வேகமும் மாறும்.

2 மி.மீ. தகட்டைக் குளிர்முறையில் உருட்டி 1.4 மி.மீ. ஆக்கினால் நீளம் ஏறக்குறைய 43 விழுக்காடு கூடுகிறது. இரும்பு இழுபடும். செதிலோ அப்பள ஜாதி: உருட்டும் திசைக்குக் குறுக்கே வெடிக்கும். வெடிப்பு வழியே புது இரும்பு பிதுங்கும், துண்டுகள் அதற்குள் அமுங்கும். உதிர்ந்த தூள் எமல்ஷனில் (உருட்டும்போது பாய்ச்சும் எண்ணெய்-நீர்க் கலவையில்) கலந்து உருளையைத் தேய்க்கும். அதாவது, குளிர் உருட்டல் செதிலை நீக்குவதில்லை, புதைக்கிறது.

அதனால்தான் முன்கூட்டியே பிக்ளிங், அதாவது ஆசிட்டில் செதிலைக் கரைத்து எடுப்பது. தகட்டை 1, 2 விழுக்காடு இழுத்துச் செதிலில் விரிசல் விட்டு, 70 முதல் 85 டிகிரி சூட்டில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ஓட்டுவார்கள். விரிசல் வழியே ஆசிட் அடிவரை இறங்கும். ஓட்டம் வேகமானாலோ தொட்டியில் கரைந்த இரும்பு மிகுந்தாலோ செதில் தங்கிவிடும். அதிக நேரம் கிடந்தால் ஆசிட் இரும்பையே அரிக்கும். அலசல் குறைந்தால் குளோரைடு எண்ணெய்க்கடியில் ஒளிந்திருந்து, இங்கே வந்ததும் மஞ்சள் கறையாகப் பூக்கும். அந்த இடத்தில் ஆலையும் ஈரமும் கூட்டாளிகள்.

பிரித்தறிவது எளிது. தின்னர் போட்டுத் துடைத்தால் துணியில் செம்பழுப்பு ஒட்டினால் துரு. துணியில் வராமல், உருட்டிய திசையில் வால் நீண்ட சாம்பல் கறுப்பாக நின்றால் புதைந்த செதில். மேலே பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம். வளைக்கும்போது செதில் பெயிண்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். வெட்டுமுன் சுருள் எண்ணோடு படம் எடுத்து, திசையை மார்க்கரால் குறித்துவிடுங்கள். துண்டுகளில் திசை தெரியாமல் போனால், அது துருதான் என்று சப்ளையர் சாதிப்பார்.