லெமேத்ர் அடித்துவிட்ட கடைசிப் பத்தி

1931 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு வெளியானது. அண்டத்தின் கதையைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லா ஆற்றலும் ஒரே ஒரு பொட்டலமாக, ஒற்றை அணுவைப் போல ஒடுங்கியிருந்திருக்கும், அது உடைந்து பலவான பிறகுதான் இடம், காலம் என்ற சொற்களுக்கே பொருள் வரும் என்றது அந்தக் குறிப்பு. எழுதியவர் ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1923-ல் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார். தட்டச்சுப் பிரதியில் இன்னொரு பத்தியும் இருந்தது. கடவுள் மறைந்திருப்பவர் என்று நம்புகிறவர்கள், படைப்பை மறைக்கும் ஒரு திரையை இன்றைய இயற்பியல் தருவதைப் பார்த்து மகிழலாம் என்பது அதன் சாரம். அதை அவரே கோடு போட்டு அடித்துவிட்டார்.

ஏன் அடித்தார் என்று புரிய, அவர் போட்ட கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தையல் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் நாடா ஒன்றை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். நாடாவை இரண்டு மடங்காக இழுத்தால், முதல் புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளி ஒரு சென்டிமீட்டர்தான் தள்ளிப் போயிருக்கும், ஆனால் ஐந்து சென்டிமீட்டரில் இருந்தது அதே நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் விலகியிருக்கும். தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் இப்படித்தான், நடு என்று ஒன்று கிடையாது. எந்தப் புள்ளியும் நாடாவின் மேல் ஓடவில்லை, நாடாதான் நீண்டது. அண்டவெளிதான் அந்த நாடா, விண்மீன் மண்டலங்கள்தான் அந்தப் புள்ளிகள்.

ஒளியும் அதே நாடாவின் மேல்தான் வருகிறது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில், ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணு 393.4 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கருங்கோட்டைப் போடும், எந்த ஆய்வகத்திலும் அது மாறாது. தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நிறமாலையில் அதே கோடு 397.3-ல் நிற்கிறது என்றால், அலை ஒரு சதவீதம் நீண்டிருக்கிறது, அதாவது அந்த ஒளி கிளம்பிய நாளிலிருந்து அண்டமும் ஒரு சதவீதம் விரிந்திருக்கிறது. இதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம். இப்போதைய கணக்கில் அந்த மண்டலம் சுமார் 14 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும்.

இந்த விளக்கம் லெமேத்ரின் 1927-ம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அதை வருவித்து, 42 மண்டலங்களின் வேகத்தையும் தூரத்தையும் வைத்து விரிவின் அளவைக் கணக்கிட்டார்: ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரம்) நொடிக்கு 625 கிலோமீட்டர். இன்றைய அளவு 70-ஐ ஒட்டியது, அந்தக் காலத்தில் தூரங்களை மிகவும் குறைவாக மதிப்பிட்டிருந்ததால் வந்த பிழை அது. பிரெஞ்சு மொழியில், பிரஸ்ஸல்ஸ் இதழ் ஒன்றில் வந்ததால் அதிகம் பேர் கவனிக்கவில்லை. படித்திருந்த ஐன்ஸ்டைனோ, உங்கள் கணக்கு சரி, இயற்பியல் படுமோசம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்புறம் 1931-ல் அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்றதும், பாதிரியார் படைப்பைக் கொல்லைப்புற வழியாக உள்ளே கொண்டுவருகிறார் என்ற சந்தேகம் வந்தது. இது அவருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். இளவயதில் பைபிளின் முதல் புத்தகமான தொடக்கநூலின் வரிகளுக்குள் இயற்பியலைத் தேடிப் பார்த்தவர்தான், ஆனால் அந்த வழியை விட்டுவிட்டார். இயற்பியல் சொல்லும் தொடக்கம் வேறு, விசுவாசம் சொல்லும் படைப்பு வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. முதலாவது கணக்குக்குள் வரும், நாளை ஒரு புதிய அளவீடு அதைக் கவிழ்க்கலாம். இரண்டாவது, எல்லாம் ஒவ்வொரு கணமும் இருப்பதற்கே கடவுளைச் சார்ந்திருக்கிறது என்பது, அதைத் தொலைநோக்கி தொடாது.

1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை 12-ம் பயஸ், படைப்பின்போது கடவுள் சொன்ன "ஒளி தோன்றுக" என்ற அந்த முதல் வார்த்தைக்கு அறிவியல் சாட்சி சொல்கிறது என்கிற அளவுக்குப் பேசினார். லெமேத்ருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை, கவலைதான். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் ஓ'கானலோடு பேசினார். அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்கள் முன் திருத்தந்தை உரையாற்றியபோது அந்த ஒப்பீடு வரவில்லை. திருச்சபைக்குக் கீழ்ப்படிந்த ஒரு குரு இதைச் செய்தார் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. 1958-ல் ஒரு மாநாட்டில், தம் கோட்பாடு மத விவகாரங்களுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்று சொல்லிவிட்டு, பைபிளின் இறைவாக்கினர் எசாயா சொன்ன மறைந்திருக்கும் கடவுளை மறுபடி நினைவுகூர்ந்தார். அன்று அடித்த பத்தி அவர் மனதில் அழியவே இல்லை.

ஆதி அணு உடைந்ததன் மிச்சம்தான் விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் என்று அவர் நம்பியிருந்தார், அது தவறு. உண்மையான மிச்சத்தை 1964-ல் அமெரிக்காவில் வானொலி வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் ஒரு வானொலி ஆண்டெனாவில் பிடித்தார்கள். அண்டத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி, அதே நாடாவின் மேல் 1,100 மடங்கு நீண்டு, நுண்ணலையாக வந்து சேர்ந்திருந்தது. 1966 ஜூன் 20 அன்று லெமேத்ர் இறந்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அவருக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னார் அவருடைய உதவியாளராக இருந்த ஓடோன் கொதார்.