வில்லியம் சாண்டர்ஸ் போட்ட கையெழுத்து

வங்கியில் கணக்குத் திறப்புப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது 1968-இல் சூரிச்சில் தொடங்கப்பட்ட ஒரு கணக்கைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். கிரெடிட் சுவிஸ் வங்கியில் அதைத் தொடங்கியவர்கள் வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயான். அதாவது, பொய்ப் பெயர்களில் அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸும் அவர் மனைவி இமெல்டாவும். பின்னாளில் அந்தப் பணம் லிச்டென்ஸ்டைனில் பதிவான அறக்கட்டளைகளின் பெயருக்குப் போனது. நம்மூரில் இதற்கு பினாமி என்று பெயர்.

1986 பிப்ரவரியில் மக்கள் திரண்டெழ, தம்பதி ஹவாய்க்கு ஓடினார்கள். கணக்குத் தாள்கள் மலகன்யாங் அதிபர் மாளிகையிலேயே கிடந்தன. மார்ச் 24 அன்று சுவிஸ் அரசு அந்தக் கணக்குகளை முடக்கியது. என்னைக் கேட்டால், மொத்த வழக்கும் பிழைத்தது அன்றைக்குத்தான். ஒரு வாரம் தாமதித்திருந்தால் பணம் வேறு நாட்டுக்குப் பறந்திருக்கும்.

ஆனால் முடக்குவது வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு. அடுத்த நாட்டுக்கு ஆதாரங்களோடு முறையான கோரிக்கை போக வேண்டும். அங்கே எதிர்த்தரப்பு ஒவ்வொரு படியிலும் மேல்முறையீடு செய்யும். 1997-இல்தான் சுவிஸ் உச்ச நீதிமன்றம் பணத்தை மணிலாவில், வழக்கு முடியும்வரை யாரும் தொட முடியாத ஒரு பொறுப்புக் கணக்குக்கு மாற்ற ஒப்புக்கொண்டது. 2003-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கு எளிமையானது: இருபது ஆண்டுகளில் இருவரின் சட்டப்படியான வருமானம் சுமார் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர். சுவிஸ் கணக்குகளிலிருந்து வந்த பணமோ வட்டியோடு 65.8 கோடி டாலருக்கும் மேல்! வருமானத்துக்கு மீறிய சொத்து, முறையாக வந்ததென்று அவர்களால் காட்ட முடியவில்லை, பறிமுதல். 2004-இல் பணம் கருவூலத்துக்கு வந்தது. அதிலிருந்து 1,000 கோடி பெசோ, மார்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் உட்பட 11,103 பேருக்கு இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. அதற்கான சட்டம் வந்ததே 2013-இல். காத்திருந்தே பலர் கண்மூடிவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2003-இலேயே ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையும் வந்தது. திருட்டுச் சொத்தைத் திருப்பித் தருவது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. இந்தியா 2011-இல் அதை ஏற்றது. ஆனால் எத்தனை உடன்படிக்கை வந்தாலும், பணத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று காட்டும் தாள் இல்லாவிட்டால் எந்த நாட்டு நீதிமன்றமும் அசையாது. அந்தத் தாள் பிறப்பது எங்கள் மேசையில்.

சில வருடங்களுக்கு முன் கம்பெனிக் கணக்கு தொடங்க டைரக்டர் என்று ஒருவர் வந்தார். சட்டைப் பையில் கார் சாவி. "என்ன தொழில் பண்றீங்க?" என்றேன். கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்தார். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொன்னேன்.

"முதலாளி கேட்டார், ஆதார், பான் கார்டு கொடுத்தேன் சார். வண்டி ஓட்டுறதுதான் என் வேலை. கையெழுத்துப் போட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நாளைக்கு விசாரணை வந்தா, அமலாக்கத் துறை சம்மன் உங்க வீட்டு விலாசத்துக்குத்தான் அண்ணே வரும்."

கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.