வாசற்படி தாண்டியதும் மாறும் மொழி

என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடவேளை வந்தால் வகுப்பு பிரிந்துவிடும். தமிழ் எடுக்கும் பிள்ளைகள் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து கிளம்பி ஓர் அறையில் கூடுவார்கள். ஒரு நாள் ஆசிரியரைப் பார்க்கச் சற்று முன்னதாகவே போய்விட்டதால் அந்த அறைக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே ஒரு பையன், பாட்டி வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் நாலு குட்டி, அதில் ஒன்றுக்கு மட்டும் கட்டை வால். தடங்கல் இல்லாத, அழகான தமிழ். மணி அடித்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். வாசற்படியைத் தாண்டியதும் கதையின் மீதியை அந்தப் பையன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான்.

இரண்டு எட்டு வைப்பதற்குள் அவனுக்குத் தமிழ் மறந்துவிடுமா என்ன? யாரும் அவனைத் தடுக்கவும் இல்லை. வாசலுக்கு உள்ளே ஒரு வழக்கம், வெளியே இன்னொரு வழக்கம், அவ்வளவுதான். எங்கேயும் எழுதி ஒட்டாமல் எல்லாரையும் கட்டிப்போடும் இப்படிப்பட்ட வழக்கங்களைச் சமூக நியதி என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பிள்ளைகள் இவற்றைப் பிடித்துக்கொள்ளும் வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். ஜெர்மனியில் ராக்கோட்சி, வார்னெக்கன், டொமசெல்லோ என்ற மூவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டை ஆடிக் காட்டினார்கள். அப்புறம் ஒரு கைப்பாவை வந்து அதே விளையாட்டை வேறு மாதிரி ஆடியது. அதனால் பிள்ளைகளுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனாலும், குறிப்பாக மூன்று வயதுக்காரர்கள், "அப்படி இல்ல, இப்படித்தான்" என்று பாவையைத் திருத்தப் பார்த்தார்கள். தான் பின்பற்றினால் போதாது, மற்றவர்களும் பின்பற்ற வேண்டும் என்ற உணர்வு அந்த வயதிலேயே வந்துவிடுகிறது.

இதைத் தேக்கா சந்தையின் உணவங்காடியிலேயே பார்க்கலாம். சாப்பிட்ட தட்டை நாமே திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற விதியை உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். முதலில் அது சட்டமாக வந்தது. அதற்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சோறு சாப்பிட்டால் கை கழுவுவதைப் போல. போன மாதம் பக்கத்து மேசையில் ஒரு தாத்தா தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கூட வந்த பேத்திக்கு நாலு வயது இருக்கும். "தாத்தா, ட்ரே!" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அபராதம் என்றால் என்னவென்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

சரி, இதே பிள்ளைகள்தானே தமிழ் பேச வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதையும் தினமும் கேட்கிறார்கள், அது மட்டும் ஏன் ஒட்டவில்லை? இங்கேதான் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி செய்த ஒரு வகைப்பாடு உதவுகிறது. நியதியில் இரண்டு வகை. எல்லாரும் எதைச் செய்கிறார்கள் என்பது ஒன்று. எதைச் செய்தால் மெச்சுவார்கள், எதைச் செய்தால் முகம் சுளிப்பார்கள் என்பது மற்றொன்று. தட்டு விஷயத்தில் இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. தமிழ் விஷயத்தில் எதிரெதிராக இழுக்கின்றன. பெரியவர்கள் மெச்சுவது தமிழை. கண்ணெதிரே நண்பர்கள் பேசுவது ஆங்கிலத்தை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்விடுவதுதான் அங்கே தலைவலி. சியால்டினியும் கூட்டாளிகளும் அங்கே இரண்டு விதமான அறிவிப்புகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்ற பொருளில் ஒன்று. "இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போனதால் பூங்காவின் இயல்பு கெட்டுவிட்டது" என்று வருத்தப்படுவது இன்னொன்று. பாதையில் அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் எத்தனை காணாமல் போயின என்று பிறகு எண்ணினார்கள். முதல் அறிவிப்பு இருந்தபோது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வருத்தப்பட்ட அறிவிப்பு இருந்தபோது ஏறக்குறைய 8 விழுக்காடு. பலர் எடுக்கிறார்கள் என்ற செய்திதான் மனதில் தங்கியது, அதிலிருந்த வருத்தம் தங்கவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் தமிழ் பேசுவதில்லை" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதைக்கிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா மேடைகளிலும் கேட்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறேன். சொல்கிறவர்களின் ஆதங்கம் உண்மையானது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் காதில் விழுவது "யாரும் பேசுவதில்லை" என்ற தகவல்தான்.

அந்தத் தகவலும் முழு உண்மை கிடையாது. சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசிய இந்தியர்கள் சுமார் 42 விழுக்காடு. 2020-ல் அது சுமார் 59 ஆகிவிட்டது. கவலைப்பட வேண்டிய ஏற்றம்தான். ஆனால் அதே 2020 கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசுவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேறொரு மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். மொழி வீட்டுக்குள் இருக்கிறது, வெளியில் தெரிவதில்லை.

ஒரு நாள் மகளிடம் கேட்டேன். "கேண்டீன்ல தமிழ்ல பேசினா என்னம்மா?"

"யாரும் பேச மாட்டாங்கம்மா. நான் மட்டும் பேசினா ஒரு மாதிரி இருக்கும்."

அவளுடைய நெருங்கிய தோழியின் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் இதே கேள்வியைக் கேட்டேன் அக்கா. 'எனக்குப் பேசப் பிடிக்கும், அவதான் இங்கிலீஷ்ல ஆரம்பிக்கிறா'ன்னு உங்க பொண்ணைச் சொல்றா!"

இரண்டு பிள்ளைகளுக்கும் விருப்பம் இருக்கிறது. அடுத்தவளுக்கு இல்லை என்று இருவருமே தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதே முடிச்சைக் கண்டு உளவியலாளர்கள் டெபோரா பிரெண்டிஸும் டேல் மில்லரும் 1993-ல் எழுதினார்கள். அங்கே விஷயம் மதுப் பழக்கம். மற்றவர்கள் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள், நமக்குத்தான் உறுத்துகிறது என்று பெரும்பாலோர் ஒவ்வொருவரும் தனியாக நினைத்திருந்தார்கள். நாளாக ஆக, மாணவர்களில் ஆண்கள் தங்கள் மனத்தையே அந்தக் கற்பனைப் பெரும்பான்மைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் தொடங்கினார்கள். துணைப்பாட (டியூஷன்) வகுப்பு விஷயத்திலும் இந்த முடிச்சுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 2018-ல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் இதற்குச் செலவிட்டது 1.4 பில்லியன் வெள்ளி, 2023-ல் 1.8 பில்லியன். தேவைப்பட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. "மத்தவங்க எல்லாம் அனுப்புறாங்களே" என்ற பயத்தில் அனுப்புகிறவர்களும் உண்டு, நான் உட்பட.

முடிச்சு எப்படி அவிழும்? 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த கோடுகள் சோதனையில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. எந்தக் கோடு சம நீளம் என்பது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனாலும் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும், ஏற்கெனவே பேசிவைத்தபடி, தவறான விடையைச் சொன்னால், சோதிக்கப்பட்டவரின் விடைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவர்களோடு ஒத்துப்போயின. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவர் முன்கூட்டியே வாய் திறக்க வேண்டும், அதுதான் விஷயம்.

பள்ளி அளவில் இதைப் பரிசோதித்தவர் எலிசபெத் லெவி பாலக். நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகள், 24,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். யாரோடு அதிக நேரம் செலவிடுகிறாய் என்று எல்லாரிடமும் கேட்டு நட்பு வலையை வரைந்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு குழுவைக் குலுக்கல் முறையில் எடுத்து, சண்டை சச்சரவுக்கு எதிராக அவர்களே பேசும்படி விட்டார்கள். ஓராண்டில் அந்தப் பள்ளிகளில் பதிவான மோதல்கள் மற்றப் பள்ளிகளைவிடக் கணிசமாகக் குறைந்தன. பலருடைய கண்களும் யார் மேல் இருக்கின்றனவோ, அப்படிப்பட்ட பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த இடங்களில் பலனும் கூடுதல். அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் நல்ல பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மகள் இந்திய நடனத்தை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறாள். இந்த ஆண்டு குழுத்தலைவி தொடக்கநிலை ஆறைச் சேர்ந்த ஒரு மாணவி. பாதி பள்ளிக்கு அவளைத் தெரியும். பயிற்சியில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு" என்று அவள் தமிழில்தான் எண்ணுகிறாள். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல, வீட்டில் அம்மா எண்ணுவதைக் கேட்டுப் பழகியதாம். போன வாரம் மகளை அழைத்துவரப் போனேன். பயிற்சி முடிந்து சின்னப் பிள்ளைகள் சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் தண்ணீர்ப் புட்டியை நீட்டித் தோழியிடம், "இந்தா, கொஞ்சம் மிச்சம் வை" என்றாள். "சரிடி" என்று சொல்லிவிட்டு அவள் முழுவதையும் குடித்து முடித்தாள்.