எம்.பி.பி.எஸ். முடித்தபின் என்ன? கொங்கு நாட்டுப் பட்டதாரிகளுக்கு முதுநிலை மருத்துவச் சேர்க்கை விளக்கம்

கோவையிலும் சேலத்திலும் மட்டுமே அரசு மருத்துவக் கல்லூரி இருந்த நிலை மாறி, பெருந்துறை, கரூர், பின்னர் 2022 இல் திருப்பூர், நாமக்கல், உதகை என்று கொங்கு மண்டலத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு ஒரு கல்லூரி வந்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டில் 2020 ஆம் ஆண்டுச் சேர்க்கையில் நுழைந்த முதல் அணியினர் படிப்பை முடித்து வெளிவரும் காலமும் இதுவே. தறி ஓட்டும் வீட்டிலிருந்தும் மஞ்சள் விளைவிக்கும் வீட்டிலிருந்தும் வந்த இந்த முதல் தலைமுறை மருத்துவர்களுக்கு அடுத்த படியை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. அதனால், நல்ல தரவரிசை கிடைக்கும்வரை வேலைக்குப் போகாமல் முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யை எழுதிக்கொண்டே இருப்பதுதான் ஒரே வழி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது உண்மையல்ல. ஒரே தரவரிசை எண்ணுக்கு வெவ்வேறு ஒதுக்கீடுகளில் வெவ்வேறு மதிப்பு உண்டு. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: 7.5% உள் ஒதுக்கீடு இளநிலைச் சேர்க்கையோடு முடிந்துவிடுகிறது. முதுநிலையில் அது கிடையாது.

நீட் பி.ஜி. தேர்வைத் தேசியத் தேர்வுகள் வாரியம் கணினிவழியில் நடத்துகிறது. 200 வினாக்கள், 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. எம்.பி.பி.எஸ். இறுதியில் வரும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியை (இன்டர்ன்ஷிப்) அவ்வாண்டின் அறிவிப்பில் குறித்த நாளுக்குள் முடித்திருக்க வேண்டும். தகுதி பெறப் பொதுப்பிரிவினர் 50 ஆவது சதமானத்தையும் (அதாவது, எழுதியவர்களில் பாதிப்பேரை முந்தும் நிலை), எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினர் 40 ஆவது சதமானத்தையும் எட்ட வேண்டும் என்பது அடிப்படை விதி. ஆனால் இடங்கள் காலியாக நின்றால் இந்த வரம்பு இடையில் தளர்த்தப்படுவதுண்டு, 2023 இல் பூச்சியம்வரை இறக்கப்பட்டது. ஆகவே முதல் சுற்றில் இடமில்லை என்பதற்காகக் கலந்தாய்விலிருந்தே விலகிவிடுவது சரியன்று. ஜிப்மர், எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களின் இடங்களுக்கு ஐ.என்.ஐ.-செட் என்ற தனித் தேர்வை டெல்லி எய்ம்ஸ் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50% அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கின்றன. அவற்றையும், நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களையும், டி.என்.பி. (மருத்துவமனைகளில் பயின்று பெறும், தேசியத் தேர்வுகள் வாரியத்தின் முதுநிலைத் தகுதி) இடங்களையும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. இங்கே எஸ்.சி. 15%, எஸ்.டி. 7.5% ஆகியவற்றோடு, 2021-22 முதல் ஓ.பி.சி. 27%, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10% என்ற ஒதுக்கீடும் நடைமுறையில் உள்ளது.

இந்த ஓ.பி.சி. ஒதுக்கீட்டில்தான் நம் பகுதிக் குடும்பங்கள் பல, கையில் இருக்கும் உரிமையை நழுவவிடுகின்றன. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருந்தால் போதும், பெற்றோர் வருமானம் கேட்கப்படுவதில்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கோ அந்தச் சான்றிதழ் செல்லாது. சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், அதோடு 'கிரீமி லேயர்' எனப்படும் முன்னேறிய பிரிவில் குடும்பம் வரவில்லை என்று வட்டாட்சியர் மத்திய அரசின் படிவத்தில் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்று கேட்டதும், தோப்பும் காடும் உள்ள விவசாயி தமக்கு இது பொருந்தாது என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார். உண்மையில் இந்த 8 லட்சத்தைக் கணக்கிடும்போது விவசாய வருமானமும் சம்பள வருமானமும் சேர்க்கப்படுவதில்லை; நிலத்தைப் பொறுத்தவரை, நில உச்சவரம்புச் சட்டம் அனுமதிக்கும் அளவில் 85 சதவீதத்துக்கு மேல் பாசன நிலம் உள்ளதா என்பது தனியே பார்க்கப்படுகிறது. அரசுப் பணியில் உள்ள பெற்றோருக்குச் சம்பளத்தைக் காட்டிலும் பதவியின் நிலையே அளவுகோலாகும். தேர்வு முடிவு வந்தபின் அலுவலகத்துக்கு ஓடாமல், விண்ணப்பிக்கும் காலத்திலேயே இ-சேவை வழியாக இச்சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எஞ்சிய 50% இடங்களையும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இங்கே நம் மாநிலத்தின் 69% இடஒதுக்கீடு பொருந்தும்: பி.சி. 26.5, பி.சி. இஸ்லாமியர் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. கொங்கு நாட்டில் கணிசமாக வாழும் அருந்ததியர் சமூகத்து மாணவர்கள், தமக்கான 3% உள் ஒதுக்கீடு மாநிலக் கலந்தாய்வில் மட்டுமே உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 29 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவச் சேர்க்கையில் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்றும், படித்த கல்லூரியின் அடிப்படையிலான முன்னுரிமை ஓரளவுக்கு ஏற்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்தது. எனவே இங்கே பிறந்து வெளிமாநிலத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

மாநில இடங்களுக்குள் இன்னொரு பிரிவு உண்டு: பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கான 50% ஒதுக்கீடு, பேச்சுவழக்கில் 'சர்வீஸ் கோட்டா'. இது பல்லாண்டுகளாகத் தமிழ்நாட்டில் இருந்துவந்தது. மத்திய விதிகளுக்குக் கோர்ட்டு தந்த விளக்கத்தால் 2017 இல் முதுநிலைப் பட்டப் படிப்புகளில் நின்றுபோனது. மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 31 ஆகஸ்ட் 2020 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீட்டை வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உறுதிசெய்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி உதவி மருத்துவராக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து, குறைந்தபட்சப் பணிக்காலத்தை (வழக்கமாக 2 ஆண்டுகள்) முடித்தவர் இதில் விண்ணப்பிக்கலாம். தாளவாடி, பர்கூர், கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளிலும் தொலைதூரக் கிராமங்களிலும் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண் கூட்டும் ஏற்பாடும் இதையொட்டி உருவானது. எந்த ஊர் எந்த வகையில் வரும் என்பதை அரசின் பட்டியலே முடிவு செய்யும். படிக்கும் காலத்தில் இவர்களுக்குச் சம்பளம் தொடர்கிறது. பணியில்லாத பட்டதாரி உதவித்தொகையை நம்பியிருக்க, இவர் குடும்பத்துக்கும் பணம் அனுப்பியபடி எம்.டி. படிக்க முடியும் என்பது சிறிய வேறுபாடல்ல. படித்தபின் அரசுப் பணியிலேயே நீடிக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டில் அமர்ந்து மீண்டும் மீண்டும் தேர்வெழுதுபவரைவிட, அதே ஆண்டுகளில் மலையடிவாரத்து நிலையமொன்றில் பிரசவமும் பாம்புக்கடியும் பார்த்துக்கொண்டே தேர்வெழுதுபவரின் நிலை உறுதியானது என்பது என் கருத்து.

அடுத்தது டி.என்.பி. கோவையின் மருத்துவமனைகளே இதற்கு நல்ல சான்று. எலும்பு, ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கங்கா, கண் சிகிச்சைக்கு அரவிந்த், சங்கரா, பலதுறை மருத்துவமனைகளான ஜி.கே.என்.எம்., கே.எம்.சி.எச். என்று டி.என்.பி. பயிற்சி தரும் இடங்கள் நம் அருகிலேயே உள்ளன. படிப்பு 3 ஆண்டுகள். தேசியத் தேர்வுகள் வாரியம் வகுத்த ஆண்டுக் கட்டணம் 1.25 லட்சம் ரூபாய் அளவில் இருப்பதால், தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டோடு ஒப்பிட இடமே இல்லை. பயிற்சிக் காலத்தில் மருத்துவமனை உதவித்தொகையும் தர வேண்டும். கல்லூரிப் பட்டம் இல்லை என்பதால் இதைக் குறைவாக மதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் டி.என்.பி.யை எம்.டி., எம்.எஸ்.ஸுக்கு இணையாகவே வைக்கிறது. மருத்துவக் கல்லூரியோடு இணையாத, 500 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையில் பயின்றவர் கல்லூரி ஆசிரியராக விரும்பினால் மட்டும், ஒரு மருத்துவக் கல்லூரியில் கூடுதலாக ஓராண்டு சீனியர் ரெசிடென்டாக (முதுநிலை முடித்தபின் வகிக்கும் மருத்துவர் பணி) பணியாற்ற வேண்டும் என்கிறது. இறுதித் தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றாக நடப்பதால் அது கடுமையானது. ஆயத்தம் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். மயக்கவியல், மகப்பேறு, குழந்தை நலம், கண், குடும்ப மருத்துவம் உள்ளிட்ட சில துறைகளில் வாரியம் 2 ஆண்டு டிப்ளமோவும் நடத்துகிறது.

எம்.டி., எம்.எஸ். சேர்ந்தவர்கள் படிப்பின் இடையில் 3 மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவது கட்டாயம். ஆய்வேட்டையும் முடித்தாக வேண்டும்.

இடத்தை ஏற்பதற்கு முன் இரண்டு விதிகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒப்பந்தப் பத்திரம். அரசு இடத்தில் படிப்பவர் முடித்தபின் குறிப்பிட்ட காலம் அரசுக்குப் பணியாற்றவோ, தவறினால் பல லட்சம் ரூபாய் செலுத்தவோ உறுதியளிக்கிறார். காலமும் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநிலக் கல்லூரியைத் தேர்பவர் அந்த மாநிலப் பத்திரத்தையே ஏற்றுக்கொள்கிறார் என்பதால், விருப்பப் பட்டியலில் ஊரைச் சேர்க்கும் முன்பே அதைப் படித்துவிட வேண்டும். இரண்டாவது, விலகும் விதி. மத்தியக் கலந்தாய்வின் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் இழப்பு எதுவுமில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து, பதிவின்போது கட்டிய காப்புத்தொகை பறிபோகும். அது அகில இந்திய இடங்களுக்குப் பொதுப்பிரிவினருக்கு 25,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 10,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம் ரூபாய். கடைசியாக நடக்கும் காலியிடச் சுற்றில் இடம்பெற்றுச் சேராதவர்கள் பணத்தை இழப்பதோடு ஓராண்டுக்குத் தேர்வெழுதவும் தடைவிதிக்கப்படுகிறார்கள். ஆகவே அந்தச் சுற்றில், உண்மையிலேயே சேர விரும்பும் இடங்களை மட்டுமே நிரப்ப வேண்டும்.

பிலிப்பைன்ஸ், ரஷ்யா, ஜார்ஜியா போன்ற நாடுகளில் படித்துத் திரும்பியவர்கள், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் 300க்கு 150 மதிப்பெண் பெற்று, இங்கே கட்டாயப் பயிற்சியையும் முடித்த பிறகே நீட் பி.ஜி.க்குத் தகுதி பெறுகிறார்கள். பயிற்சி இடம் ஒதுக்கப்படுவதில் ஏற்படும் தாமதம் தேர்வு அறிவிப்பின் இறுதி நாளைத் தாண்டிவிட்டால் ஓராண்டு வீணாகும் என்பதால், தகுதித் தேர்வின் முடிவு வந்தவுடனேயே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.