ஸ்பார்ட்டான்ஸ்க்: ஒரு பெயரடையும் அதன் ஈறுகளும்

கட்டில், மேசை, நாற்காலி தவிர வேறெதுவும் இல்லாத அறையை ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்று நாட்டாரும் ‘ஸ்பார்ட்டான்ஸ்க்’ என்பார்கள். மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத நார்வே மலைக்குடிலுக்கும், ரொட்டியும் சூப்புமாக முடிந்துவிடும் உணவுக்கும் அதே சொல் பொருந்தும். வறுமை வேறு, தேவைக்கு மேல் எதையும் சேர்க்காத கட்டுப்பாடே இதன் பொருள். பண்டைக் கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா நகரத்தார் தம் சிறுவர்களைப் படைவாழ்வுக்கெனக் கடுமையாகப் பழக்கியதால் இப்பொருள் ஏற்பட்டது. அந்நகரம் அமைந்த லக்கோனியப் பகுதியின் பெயரோ, சுருங்கப் பேசுதலைக் குறிக்கும் ‘லக்கோனிஸ்க்’ என்னும் சொல்லாயிற்று.

தமிழில் பெயருக்கு முன் வரும் பெயரடை மாறுவதில்லை: எளிய அறை, எளிய அறைகள். பயனிலையாகும்போதுதான் எளியது, எளியவை என எண் காட்டுகிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலோ இரண்டு இடங்களிலும் ஈறு மாறக்கூடும். ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்கள் பொதுப்பால், நடுப்பால் என இரு வகைப்படும். குடியிருப்பைக் குறிக்கும் ‘லேகன்ஹேட்’ பொதுப்பால் ஆகையால் ‘என் ஸ்பார்ட்டான்ஸ்க் லேகன்ஹேட்’ என்பர்; இங்கு ‘என்’ என்பது ‘ஒரு’ என்னும் பொருள்தரும் ஸ்வீடிஷ் சொல், நடுப்பாலில் அது ‘எட்’ ஆகும். அறையைக் குறிக்கும் ‘ரூம்’ நடுப்பால் ஆகையால் ஈற்றில் ஒரு டகர ஒலி சேர்ந்து ‘எட் ஸ்பார்ட்டான்ஸ்க்ட் ரூம்’ என்றாகும். பன்மைக்கு ‘ஸ்பார்ட்டான்ஸ்கா’.

இன்ன அறை என்று சுட்டும்போது ஸ்வீடிஷ் காட்டும் அக்கறை வியப்புக்குரியது. ‘டெ ஸ்பார்ட்டான்ஸ்கா ரும்மெட்’ என்னும் தொடரில் முன்னுள்ள சுட்டு, பெயரடையின் ஈறு, பெயரின் ஈறு ஆகிய மூன்றும் அந்தச் சுட்டுப்பொருளையே தாங்குகின்றன. நார்வேஜிய மொழியும் அவ்வாறே செய்கிறது. டேனிஷ் மட்டும், பெயரடை முன்வந்தால் பெயரின் ஈற்றை விட்டுவிடும்.

நடுப்பாலில் இன்னொரு வேறுபாடு உண்டு. நார்வேஜியமும் டேனிஷும் இச்சொல்லுக்கு அந்த டகரத்தைச் சேர்ப்பதில்லை. ஊர், நாடு, மக்கள் பெயரிலிருந்து பிறந்து ‘ஸ்க்’ என முடியும் பெயரடைகள் அம்மொழிகளில் அவ்வீற்றை ஏற்பதில்லை என்பதே காரணம். அத்தகைய பிறப்பில்லாத ‘ஃப்ரிஸ்க்’, அதாவது நலமான என்னும் சொல், நார்வேஜியத்தில் ‘ஃப்ரிஸ்க்ட்’ என மாறத் தயங்குவதில்லை. எனவே ஸ்பார்ட்டா என்னும் ஊர்ப்பெயரின் நினைவை இலக்கணம் இன்றும் காத்துவருகிறது என்றே கொள்கிறேன்.

ஒப்பீட்டுக்கு, ‘அதிக’, ‘மிக அதிக’ எனப் பொருள்படும் ‘மேர்’, ‘மெஸ்ட்’ என்னும் தனிச்சொற்கள் ‘ஸ்பார்ட்டான்ஸ்க்’குக்கு முன்வரும். ஒன்றும் விளையாத பாறைத்தீவின் நிலத்துக்கு ஸ்வீடிஷில் ‘கார்ய்’ என்ற வேறு சொல் இருக்கிறது. அது ‘கார்யரெ’, ‘கார்யஸ்ட்’ என்று ஈறுகளாலேயே ஒப்பிடப்படுகிறது.