முதியோர் இல்லத்தில் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று யார் பார்க்கவேண்டும், எதைப் பார்க்கவேண்டும்: வன்னியில் உள்ளவர்களுக்கு ஒரு விளக்கம்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. சிலரின் பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார்கள். காசு வரும், பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்காது. மற்றவர்களுக்குப் பிள்ளைகளே இல்லை. 2009 வரையான போரில் இழந்தார்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வகையினரிடம் வாட்ஸ்அப்பில் "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒருவராவது இருக்கிறார். இரண்டாவது வகையினருக்காக இல்லத்தின் வாசலில் வந்து கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. இல்லங்களைப் பரிசோதிக்கவேண்டும் என்று சொல்வது முதலில் இவர்களுக்காகத்தான்.

இதற்கு அடிப்படையாக இருப்பது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 2011 இல் இது திருத்தப்பட்டது. முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை கிடைப்பதும் இதன் வழியாகத்தான். ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்யப்படவேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் விதி. காசு வாங்கிக்கொண்டு நடத்தினாலும், தர்மமாக நடத்தினாலும், கோயிலோ தேவாலயமோ நடத்தினாலும் விதி ஒன்றுதான். "நாங்கள் சேவையாகச் செய்கிறோம், எங்களுக்கு எதற்குப் பதிவு?" என்று கேட்க இடமில்லை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். இல்லத்தை நடத்தும் சங்கமோ அறக்கட்டளையோ தனது அமைப்புக்கான பதிவுச் சான்றிதழைப் பிரேம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருக்கும். தொண்டு நிறுவனமாகப் பதிவதற்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. அப்படிப் பதிந்தால் அந்த அமைப்புக்கு ஒரு பெயரும் கணக்கும் கிடைக்கும், அவ்வளவுதான். முதியவர்களை வைத்துப் பராமரிக்கத் தகுதியான இடம் என்று அது சொல்லாது. ஆகவே சான்றிதழைக் காட்டினால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வேலைக்கான பதிவு என்று வாசித்துப் பாருங்கள்.

பார்க்கவேண்டிய அதிகாரிகள் யார்?

சமூக சேவை மாகாண சபைகளுக்கும் பகிரப்பட்ட விடயம். அதனால் வடக்கில் இரண்டு கைகள் இதில் இருக்கின்றன. வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஒரு பக்கம், தேசிய செயலகத்தின் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மறுபக்கம். இருவருமே பிரதேச செயலகத்தில்தான் இருப்பார்கள். கரைச்சியோ, புதுக்குடியிருப்போ, நெடுங்கேணியோ, நானாட்டானோ, உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் இந்த இரண்டு பதவிகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். ஒருவர் மற்றவரைக் காட்டினால், இருவருக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாமவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சமையலறை, கிணறு, மலசலகூடம், கழிவுநீர், நுளம்பு பெருகும் இடங்கள் எல்லாம் அவர் பார்க்கும் விடயங்கள். கடைகளையும் பாடசாலைகளையும் பார்க்கிற அதே கண்ணோடு முதியோர் இல்லத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். என் அனுபவத்தில், நிர்வாகக் கடிதங்கள் மாதக்கணக்கில் மேசையில் கிடந்த இடங்களில்கூட பி.எச்.ஐ. வந்து போன அடுத்த கிழமையே தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டிருக்கிறது.

நல்ல பரிசோதனை எப்படி இருக்கும்?

முன்கூட்டியே திகதி சொல்லிவிட்டுப் போனால் வெள்ளை விரிப்பும் பூச்சாடியும்தான் கண்ணில் படும். சொல்லாமல் போகவேண்டும். அதிலும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு தடவையாவது போகவேண்டும். ஏனென்றால் இல்லங்களில் பெரும்பாலான சிக்கல் இரவில்தான் இருக்கிறது. சமைப்பவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் புட்டோ இடியப்பமோ கொடுத்தால், இடையில் பதினான்கு மணித்தியாலங்களுக்கு மேல் வெறும் வயிறு. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஆச்சி ஒருவருக்கு இது உயிராபத்து. இரத்தத்தில் சீனி குறைந்து வியர்த்து மயங்கினாலும் "நித்திரை கொள்கிறா" என்று விட்டுவிடுவார்கள். படுக்கப்போகும் முன் ஒரு கப் பாலோ கஞ்சியோ இரண்டு பிஸ்கட்டோ கொடுக்கிறார்களா? இதைக் கேட்காத பரிசோதனை அரைப் பரிசோதனை.

அடுத்தது தண்ணீர். வவுனியாப் பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதல், சிறுநீரக நோயாளரும் அங்கே அதிகம். பூநகரி போன்ற கரையோரப் பகுதிகளில் கிணறு உவர். இல்லத்தில் குடிப்பதற்கு என்ன தண்ணீர், எங்கிருந்து வருகிறது, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதன் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்கவேண்டும். நல்ல தண்ணீர் இருந்தும் குடிக்காத நிலையும் உண்டு. இரவில் எழும்பிக் கக்கூசுக்குப் போகப் பயந்து வயதானவர்கள் தாங்களே தண்ணீரைக் குறைப்பார்கள். சில இடங்களில் படுக்கையை நனைப்பார்கள் என்று பராமரிப்பவர்களே குறைத்துக் கொடுப்பார்கள். வன்னியின் சித்திரை, வைகாசி வெயிலில் இப்படிச் செய்தால் சலக்கிருமியும் மயக்கமும் புத்தித் தடுமாற்றமும்தான் மிச்சம். கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கோப்பையில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள்: படி இருக்கிறதா, இரவில் லைட் எரியுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, தரை வழுக்குமா. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பலர் திரும்ப நடப்பதில்லை.

படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்காமல் வந்துவிடக்கூடாது. வரவேற்பு மண்டபத்தில் உட்காரவைக்கப்பட்டிருப்பவர்கள் எழும்பி நடக்கக்கூடியவர்கள். உள்ளறையில் இருப்பவர்களைத்தான் பார்க்கவேண்டும். நாரி, இடுப்புப் பக்கம், குதிக்கால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று ஒரு தாதியரோ வைத்தியரோ பார்ப்பது முறை. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிவிடவேண்டும். இரவில் முப்பது பேருக்கு ஒரே ஒரு பராமரிப்பாளர் என்றால் அது நடக்காது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடக்காது. அதனால் இரவில் எத்தனை பேர் வேலை என்று கேட்டு, வரவுப் பதிவேட்டையும் பார்க்கவேண்டும். சேலையாலோ கயிற்றாலோ கட்டிலில் கட்டிவைக்கிறார்களா, பகல் பன்னிரண்டு மணிக்கும் எல்லோரும் மயங்கிப்போய்க் கிடக்கிறார்களா என்பதையும் கவனிக்கவேண்டும். நித்திரைக் குளிசை கொடுத்து அடக்கிவைப்பதற்கு ஆள் பற்றாக்குறை ஒரு சாட்டு ஆகாது.

மருந்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி டப்பா, பெயர், கிளினிக் கொப்பி, கொடுத்த நேரத்தை எழுதும் தாள் இருக்கவேண்டும். கடைசிக் கிளினிக் திகதி எது என்று கொப்பியைத் திறந்தாலே தெரியும். மூன்று மாதம் இடைவெளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வாகனம் இல்லை என்பார்கள். அது உண்மையான கஷ்டம்தான், மாங்குளத்துக்கோ முல்லைத்தீவுக்கோ போய்வர ஒரு நாள் போய்விடும். ஆனால் அதற்கு ஒரு ஏற்பாடு செய்வது இல்லத்தின் பொறுப்பு. அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம். அந்த இலக்கம் சுவரில் எழுதப்பட்டிருக்கவேண்டும், இரவு வேலை செய்பவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

காசு, காகிதம். தேசிய அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் அந்த முதியவருக்குச் சொந்தம். பத்திரமாக வைக்க இல்லம் வாங்கினால், வாங்கியதற்கு ஒரு சீட்டுக் கொடுக்கவேண்டும். உதவிப் பணமோ ஓய்வூதியமோ வந்தால் யார் எடுக்கிறார்கள், எங்கே செலவாகிறது என்று கணக்கு இருக்கவேண்டும். காணி உறுதியை வாங்கிக்கொண்டு ஆளைச் சேர்க்கும் பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் நினைப்பது இதுதான்: அதிகாரி குறைந்தது இரண்டு மூன்று பேருடனாவது தனியாகக் கதைக்கவேண்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கக்கூடாது. "ஒரு குறையும் இல்லைத் தம்பி, நல்லாய்ப் பார்க்கினம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்பவர், மாமரத்தடியில் தனியாக இருந்து கதைக்கும்போது வேறு கதை சொல்லக்கூடும். சொல்லாமலும் போகலாம், ஏனென்றால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு, நேராகக் குற்றம் கேட்காமல், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், குளிக்க யார் உதவி, கோயிலுக்கு எப்போது போனீர்கள், வெளியே போக விடுவார்களா என்று சாதாரணமாகக் கதைத்தால் விஷயம் தானாக வரும். பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பவருக்கு மனநலப் பிரிவின் உதவி கிடைத்ததா என்றும் கேட்கவேண்டும். வன்னியில் இதைத் தனி விடயமாக எழுதவே ஒரு படிவத்தில் இடம் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உதவுபவர்களுக்கு

அப்பாவின் திவசம், மகளின் பிறந்தநாள் என்று ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது நம்மவர்களின் நல்ல வழக்கம். பல இல்லங்கள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அனுப்புவதற்கு முன் இல்லத்தின் பதிவு விபரத்தையும் கடந்த ஆண்டுக் கணக்கறிக்கையையும் கேளுங்கள். ஒழுங்கான இல்லம் இதற்குக் கோபிக்காது. மாதம் ஒரு நாள் பிரியாணியும் லட்டும் வருவதைவிட, ஒரு இரவுப் பராமரிப்பாளரின் சம்பளம், பம்பர்ஸ், காற்று மெத்தை, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றுக்கு அந்தக் காசு போனால் அங்கே இருப்பவர்களுக்கு உடம்பு நோகாது. இன்னொன்று, சாப்பாட்டுத் தட்டை நீட்டியபடி அவர்களை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடச் சொல்லாதீர்கள். செலவுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பற்றுச்சீட்டு போதும்.

முறைப்பாடு செய்வது எப்படி?

முதலில் இல்ல நிர்வாகத்திடம் சொல்லுங்கள், பல விடயங்கள் அங்கேயே சரியாகும். சரியாகாவிட்டால் பிரதேச செயலாளருக்குத் தமிழில் ஒரு கடிதம். திகதி, நேரம், கண்டது என்ன, கேட்டது என்ன என்று பிரித்து எழுதுங்கள். "பராமரிப்பு சரியில்லை" என்று ஒரு வரியில் எழுதினால் அதை வைத்து ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. "இன்ன திகதி பின்னேரம் இன்னாரின் குதிக்காலில் புண் கண்டேன், மருந்து கட்டவில்லை" என்று எழுதினால் ஒருவர் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். பிரதியில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள். அடித்தல், பூட்டிவைத்தல், காசு பறித்தல் என்றால் அது குற்றம், நேராகப் பொலிஸுக்கு.

அதிகாரிகள் அசையாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், அறிக்கையின் பிரதி தாருங்கள் என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். ஒருவரின் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலங்கள். தரவில்லை என்றால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மற்ற வழி மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் 1996. ஆணைக்குழு பார்ப்பது அரச தரப்பின் செயலையோ செயலின்மையையோ என்பதால், "இல்லம் இப்படிச் செய்தது" என்பதோடு "அறிவித்தும் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவில்லை" என்பதையும் கடிதத்தில் எழுதவேண்டும்.

பிள்ளைகள் வசதியாக இருந்தும் பெற்றோரைக் கைவிட்ட நிலை என்றால் அது வேறு வழக்கு. அதற்கு முதியோர் சட்டத்தின் கீழேயே பராமரிப்புச் சபை இருக்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் அங்கே விண்ணப்பித்து, பிள்ளைகளிடமிருந்து மாதப் பணம் பெறக் கட்டளை கேட்கலாம்.

முறைப்பாடு செய்பவர்களுக்கு ஒரு தயக்கம் வரும்: இல்லத்தை மூடிவிட்டால் அங்கே உள்ளவர்கள் எங்கே போவார்கள்? நியாயமான பயம். மாகாணத் திணைக்களத்தின் கைதடி அரச முதியோர் இல்லம் யாழ்ப்பாணப் பக்கம், துணுக்காயிலிருந்தோ மாந்தையிலிருந்தோ ஒரு முதியவரை அங்கே அனுப்பினால் தெரிந்த முகங்களெல்லாம் போய்விடும். அதனால் கடிதத்திலேயே "மூடுங்கள்" என்று எழுதாமல், எதை எத்தனை நாளுக்குள் திருத்தவேண்டும், திருத்தினார்களா என்று பார்க்க யார் திரும்ப வருவார்கள் என்று கேளுங்கள். உயிராபத்தான நிலையில் உள்ளவர்களை மட்டும் உடனே வைத்தியசாலைக்கு மாற்றக் கோருங்கள்.

உறவினர் ஒருவரும் இல்லாதவர்களுக்காக இதை யார் எழுதுவது? ஊர் முதியோர் சங்கம் எழுதலாம். கிராமத்திலிருந்து பிரதேசம், மாவட்டம் வரை இந்தச் சங்கங்கள் இருக்கின்றன. தங்கள் பிரிவில் உள்ள இல்லத்துக்கு மாதத்துக்கு இரண்டு பேர் மாறிமாறிப் போய்வரவும், கண்டதை ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டத்தில் வாசிக்கவும் அவர்களுக்கு எவரிடமும் அனுமதிக் கடிதம் தேவைப்படக்கூடாது. இல்லம் வாசலில் மறித்தால், மறித்த திகதியையும் எழுதி, அந்தப் பக்கத்தின் போட்டோகொப்பியை முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.