லிசியாந்தஸ் ஏன் தரையோடு உட்கார்ந்துவிடுகிறது?

ஜென்ஷியன் பூவைப் பெங்களூரில் வளர்க்க முடியுமா என்று அல்சூர் வாசகர் ஒருவர் கேட்கிறார். ஜப்பானின் இவாத்தே பகுதியில் வெட்டுப்பூவாகப் பயிரிடும் நீல ஜென்ஷியன் இங்கே சரிப்படாது. அதன் குளிர்கால மொட்டுகள் விழிக்க நீண்ட கடுங்குளிர் வேண்டும். நம் ஜனவரி இரவுகளின் 15, 16 டிகிரி அதற்குப் போதாது. ஆனால் அதே குடும்பத்து லிசியாந்தஸ் இங்கே நன்றாக வரும். பூக்கடைகளில் முள்ளில்லாத ரோஜாபோல ஊதாவும் வெள்ளையுமாக நிற்பது அதுதான். நாம் கசப்பு மருந்தாக அறிந்த வெள்ளறுகும் இந்தக் குடும்பமே.

விதை தூள்போல இருக்கும். கிராமுக்கு ஏறத்தாழ 20,000. களிமண் பூசி உருட்டிய விதையை வாங்குங்கள். குழித்தட்டில் தென்னைநார்த் தூள் நிரப்பி மேலாக வையுங்கள், மூட வேண்டாம். முளைக்க வெளிச்சம் தேவை. 20 முதல் 24 டிகிரியில் இரண்டு வாரத்தில் முளைக்கும்.

பலரும் தோற்பது இதற்கு அடுத்த கட்டத்தில். செடி இலைமேல் இலையாக விடும், தண்டு மட்டும் எழும்பாது. கண்பட்டுவிட்டது, அமாவாசையில் விதைத்தது தவறு என்பார்கள். காரணம் வெப்பம்தான், அதுவும் இன்றைய வெப்பமல்ல, நாற்றுப் பருவத்து வெப்பம். நான்கு இலை விடுமுன் பகல் 28 டிகிரியையும் இரவு 20 டிகிரியையும் தாண்டிக்கொண்டே இருந்தால், கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை நீட்டுகிற கிப்பரெலின் ஹார்மோனின் உற்பத்தி குறைந்துபோகிறது. கணுக்கள் உருவாகும், இடைவெளி பிறக்காது. பாதிப்பு கண்ணில் படவே மாதங்கள் ஆகும்.

இது நோயல்ல. இதன் தாயகம் வட அமெரிக்கப் புல்வெளி. கோடையில் முளைத்த நாற்று அப்போதே தண்டு விட்டால் பூக்கும் முன் பனியில் மடியும். அதனால் தரையோடு ஒட்டிக் காத்திருக்கிறது. குளிர்காலம் கடந்தால் கிப்பரெலின் மீண்டும் சுரக்கிறது, தண்டு எழுகிறது. நாள்காட்டி இல்லாத செடி இளமையில் பட்ட சூட்டை வைத்துப் பருவத்தைக் கணக்கிடுவது எத்தனை அழகான ஏற்பாடு!

ஆகவே பெங்களூரில் அக்டோபர் கடைசி, நவம்பரில் விதையுங்கள்; மார்ச், ஏப்ரலில் வேண்டாம். ஜப்பானிய உழவர்கள் ஈர விதையை இருட்டில் 10 டிகிரியில் ஐந்து வாரம் வைத்துப் பிறகு முளைக்கவிடுகிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் செய்வதானால் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 4 டிகிரி என்பது இதற்கு மிகையான குளிர். உட்கார்ந்துவிட்ட செடிக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலம் (கிப்பரெலின் வகை ஹார்மோன்) தெளிக்கலாம். ஆனால் தண்டு மெலிந்து சாயக்கூடும், குளிரே மேல்.

வேர் குழியைச் சுற்றிக்கொள்ளுமுன், இரண்டு மூன்று ஜோடி இலையில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். குருத்து புதைந்தால் அழுகும். மண்ணின் பிஎச் 6.5-ஐ ஒட்டி இருக்கட்டும். அமில மண்ணில் வளர்ச்சி குன்றும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இலைநுனி கருகும்.

கடையில் விற்பவை பெரும்பாலும் முதல் தலைமுறைக் கலப்பு விதைகள். அவற்றின் செடியிலிருந்து விதை எடுத்தால் நிறமும் உயரமும் சிதறும். ஒவ்வொரு பருவமும் வெளிநாட்டுப் பொட்டலத்தை நம்புவதைவிட, வெப்பம் தாங்கும் தாய்வரிசைகளை, அதாவது கலப்புக்குப் பெற்றோராகும் செடிவரிசைகளை, இங்கேயே உருவாக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பூவில் கலப்பு செய்வதும் எளிது. மகரந்தப்பை முதலில் முதிரும், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி சில நாள் கழித்தே விரியும். மொட்டு விரியும்போதே பைகளைக் கிள்ளி எடுத்து, பூவை உறையிட்டு மூடி, முடியின் இரு மடல்களும் பிரிந்ததும் வேண்டிய மகரந்தத்தைத் தூரிகையால் தடவுங்கள். காய் பழுப்பாகி நுனி வெடிக்கத் தொடங்குமுன் பறித்துக் காகிதத்தில் உலர்த்துங்கள். வெடித்துவிட்டால் அந்தத் தூள் விதை காற்றோடு போய்விடும்.